எறையூரில் ஒரு நெருப்பு வாத்தியார்

"நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா?" என்று கேட்பது நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். வெந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் நெருப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒருவர் பெரம்பலூர்ச் சீமையில் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் தெரிவித்தபோது நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. பாட்டு வாத்தியார் உண்டு. கணக்கு வாத்தியார் உண்டு. சிலம்ப வாத்தியாரும் உண்டு. நெருப்பு வாத்தியார் என்று ஒருவரை நாம் அதுவரையில் கண்டதில்லை. "எறையூருக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார் நண்பர். மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் புறப்பட்டோம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலை பெரம்பலூர் ஜில்லாவை ஊடுருவிக்கொண்டு போகிறது. காவேரிக் கரையின் பசுமையை எதிர்பார்த்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது மானாவாரிப் பூமி. கறுத்த மண்ணில் பருத்திச் செடிகள் வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அறுவடையான மக்காச்சோளக் கொல்லைகளில் தட்டைகள் மட்டும் நின்றன. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருக்கும் களங்களையும் கண்டோம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகிய மூன்றிலும் தமிழ்நாட்டில் பேர் பெற்ற ஜில்லா இது. மழை ஒரு வருஷம் கைவிட்டால் மூன்றும் சேர்ந்து கைவிட்டுவிடும் என்பதையும் இந்த ஜனங்கள் நன்றாக அறிவார்கள்.

பெரம்பலூரைத் தாண்டி வடக்கே சென்றால் வாலிகண்டபுரத்துச் சிவாலயமும், அதற்கப்பால் ரஞ்சன்குடிக் கோட்டையும் வருகின்றன. 1751-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பிரதேசத்தில் ஒருவரோடொருவர் யுத்தம் செய்தார்கள். எங்கிருந்தோ வந்த இரண்டு பேர் நம் வீட்டு முற்றத்தில் நின்று, வீடு யாருடையது என்று அடித்துக்கொண்ட விசித்திரத்தை நினைத்தபடியே கோட்டை மதிலைப் பார்த்தோம். இந்த வட்டாரத்தில்தான் எறையூர் இருக்கிறது.

ஊரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மூக்கு கண்டுகொண்டது. கரும்புச் சாறு காயும் மணம்! 1970-களின் பிற்பகுதியில் அரசாங்கத்துக்குச் சொந்தமான பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்கே ஏற்பட்டது. அரவைப் பருவமாதலால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரமாக நீண்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ஓட்டிகள் சிலர் வண்டிக்கடியில் துண்டை விரித்துச் சுகமாக நித்திரை செய்துகொண்டிருந்தார்கள். ஆலைக்கு மேலே புகைபோக்கி வானத்தை நோக்கி நின்றது.

சர்க்கரை மணத்தோடு புதிய மணம் ஒன்றும் இந்தச் சீமையில் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது; காலணித் தொழிலுக்கென்று ஒரு பூங்காவுக்கும் அப்போது அடிக்கல் நாட்டினார்கள். மறு வருஷத்திலேயே காலணி ஆலை ஒன்று வேலையைத் தொடங்கிவிட்டது. பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இன்று அடையாளச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். வெளிதேசத்தார் காலில் போட்டுக்கொள்ளும் செருப்பு நம் எறையூரில் உற்பத்தியாகிறதென்றால், சுதேசித் தொழிலில் பற்றுள்ள எவருக்குத்தான் பெருமை உண்டாகாது? நமக்கும் உண்டாயிற்று. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு கவலையும் அடங்கியிருக்கிறது என்பதை நெருப்பு வாத்தியார்தான் நமக்குக் காட்டினார்.

டீக்கடை வகுப்பு

ஆலைச் சாலையில் உள்ள டீக்கடை ஒன்றில் நண்பர் அவரை நமக்கு அறிமுகம் செய்து வைத்தார். அறுபது வயது கடந்தவர்; நெட்டையான சரீரம்; வெள்ளைச் சட்டை; இடது முழங்கையில் பழைய தீத்தழும்பு ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறியவுடன் தீயணைப்பாளராகச் சேர்ந்து, தாம்பரத்திலுள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் குழாய் சுருட்டவும் ஏணி ஏறவும் கற்று, படிப்படியாக உயர்ந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவர். இப்போது அக்கம்பக்கத்து ஆலைகளுக்குச் சென்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தம் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நெருப்புக்கு என் பெயர் தெரியும், அது போதும்" என்றார்.

"எங்கள் ஊரில் நெருப்பு என்றால் முன்பெல்லாம் கூரை நெருப்புத்தான்" என்று ஆரம்பித்தார். "சித்திரை வெயிலில் ஒரு வீட்டு அடுப்புப் பொறி பறந்தால் ஒரு தெருவே போகும். ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவார்கள். பக்கத்து வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டு நெருப்புக்கு வழி மறிப்பார்கள். அந்த வித்தையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாட்டன் செய்ததைப் பேரன் செய்தான். இன்றைக்கு வந்திருக்கும் நெருப்பு வேறு. அது பாட்டனுக்குத் தெரியாத நெருப்பு."

அந்தப் புது நெருப்பின் குணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்த சக்கையைத்தான் பாய்லருக்கு எரிபொருளாகப் போடுகிறார்கள். ஆலையை விட்டு வரும்போது அதில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதையே மலை போலக் குவித்து வெயிலில் உலரவிட்டால், குவியலின் வயிற்றுக்குள்ளே உஷ்ணம் உண்டாகும். மேலே தண்ணீர் விட்டால் அணைந்தது போல இருக்கும். உள்ளே கனன்றுகொண்டே இருந்து மறுநாள் வேறோர் இடத்தில் தலை காட்டும். சர்க்கரையை வெளுக்கச் செய்வதற்குக் கந்தகத்தை எரிப்பார்கள். அந்தப் புகையோ மூச்சைப் பிடிக்கும்.

"சர்க்கரை வெடிக்கும் என்றால் நம்புவீர்களா?" என்று கேட்டார். நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 2008-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்திலுள்ள சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில், காற்றில் மிதந்த சர்க்கரைத் தூளே வெடிமருந்து போல வெடித்தது. 14 தொழிலாளர்கள் மாண்டார்கள். கட்டியாக இருக்கும்போது சாதுவாக இருக்கிற பொருள், தூளாகிக் காற்றோடு கலந்துவிட்டால் அதன் ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்துகொள்ளுகிறது. பொறி ஒன்று பட்டதும் அத்தனையும் ஒரே கணத்தில் எரிந்துவிடுகிறது என்று விளக்கினார். நம் கையிலிருந்த டீயில் கரைந்திருந்த சர்க்கரையைச் சிறிது மரியாதையுடன் நோக்கினோம்.

காலணித் தொழிலில் பசையும் அதைக் கரைக்கும் திராவகங்களும் இருக்கின்றன. திராவகம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்துபோய், எங்கோ இருக்கிற பொறியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இரப்பர், பிளாஸ்டிக் வகையறாக்கள் எரிந்தால் நெருப்பைக் காட்டிலும் புகைதான் எமன்.

"எல்லாவற்றிற்கும் மேலே ஒன்று இருக்கிறது" என்று குரலைத் தாழ்த்தினார். "பூட்டிய கதவு!"

1911-ஆம் வருஷம் மார்ச் 25-ந் தேதி நியூயார்க் நகரத்துச் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். மாடியிலிருந்து வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி நம் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரையில் பற்றிய நெருப்பு 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 2023 அக்டோபரில் அடுத்த ஜில்லாவாகிய அரியலூரில், விரகாலூர்ப் பட்டாசுக் கிடங்கு வெடித்துப் பல ஏழைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். "இந்த ஊர்களின் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு வகுப்பையும் ஆரம்பிக்கிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. நெருப்புக்குப் பணக்கார தேசம், ஏழை தேசம் என்ற பேதம் தெரியாது என்று சொல்வதற்காக" என்றார் வாத்தியார்.

ஒரு சர்ட்டிபிகேட்டின் கதை

இவ்வளவையும் கடை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஓர் இளைஞன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு பிராயம் இருக்கலாம். பக்கத்துக் கிராமத்துக் கரும்புக் குடியானவர் ஒருவரின் பிள்ளை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம் ஒன்றை வைத்திருந்தான். பேச்சு ஓய்ந்ததும் எழுந்து வந்து, "ஐயா, நானும் இந்தப் படிப்புத்தான் படித்திருக்கிறேன். உங்களைப் போலப் பயிற்சி அதிகாரி ஆக வேண்டும். எங்கேயாவது சொல்லி ஒரு வேலை வாங்கித் தர வேண்டும்" என்றான்.

வாத்தியார் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பொன்னிற எழுத்துக்கள், இரண்டு முத்திரைகள், சிங்கத்தைப் போன்ற ஏதோ ஒரு மிருகம். தூரத்துப் பட்டணமொன்றிலே மாடி அறையில் நடக்கும் ஸ்தாபனம், "தீயணைப்பு, பாதுகாப்பு டிப்ளமா" என்று ஆறு மாத வகுப்பு நடத்தி இதை வழங்கியிருந்தது. அதற்காகப் பையனுடைய தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. படிப்பு முடிந்தால் துபாயில் உத்தியோகம் நிச்சயம் என்று சேர்க்கும்போது சொன்னார்களாம். ஒரு வருஷமாகியும் துபாயும் வரவில்லை, சங்கிலியும் வரவில்லை.

"தம்பி, எத்தனை நெருப்பை அணைத்திருக்கிறாய்?" என்று வாத்தியார் கேட்டார்.

பையன் விழித்தான். "படத்தில் காட்டினார்கள், ஐயா."

வாத்தியார் காகிதத்தைப் பத்திரமாக உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சாயங்காலம் ஒரு பட்டறையில் ஒத்திகை இருக்கிறது. நீயும் வா" என்று மட்டும் சொன்னார்.

தட்டில் எரிந்த நெருப்பு

சாயங்காலம் நாமும் போனோம். சிறிய தொழிற்கூடம் ஒன்றின் பின்புறத்து வெட்டவெளி. முப்பது தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நடுவே அகலமான இரும்புத் தட்டு ஒன்றில் டீசல் ஊற்றியிருந்தது. ஓரத்தில் சிவப்பு நிறத் தீயணைப்புச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன.

"முதற்பாடம்: நெருப்பைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பாருங்கள்" என்றார் வாத்தியார். "உங்கள் முதுகுக்குப் பின்னால் வழி இருக்க வேண்டும். காற்றும் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். நெருப்பு உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே வந்துவிட்டால் நீங்கள் தீயணைக்கிறவர் அல்ல, காப்பாற்றப்பட வேண்டியவர்."

பிறகு மற்றப் பாடங்கள் நடந்தன. நெருப்புக்கு மூன்று கால்: எரிகிற பொருள், உஷ்ணம், பிராணவாயு. மூன்றில் ஒன்றை முறித்தால் விழுந்துவிடும். மரம், துணி, காகிதம் எரிந்தால் தண்ணீர் விட்டு உஷ்ணத்தை எடு. எண்ணெய், பெட்ரோல் எரிந்தால் நுரையோ தூளோ போட்டு மூடு. மின்சார நெருப்பென்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்து. தண்ணீரோடு கிட்டப் போகாதே. சிலிண்டரின் ஊசியைப் பிடுங்கு; குழலைச் சுவாலையின் தலைக்குப் பிடிக்காமல் அடிக்குப் பிடி; அழுத்து; இடமும் வலமுமாக வீசு. "இதெல்லாம் சுமார் இருபது விநாடிதான். அதற்குள் அணையவில்லையானால் சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அது கோழைத்தனமல்ல; அதுதான் கடைசிப் பாடம்."

டீசல் பற்றவைக்கப்பட்டது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் ஆள் உயரத்துக்குச் சுவாலை எழுந்தது. கருப்புப் புகை திரண்டது. அவ்வளவு தூரத்தில் நின்ற நமக்கே முகம் சுட்டது. கால்கள் நம்மைக் கேளாமலே இரண்டடி பின்வாங்கின என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

"தம்பி, வா" என்று வாத்தியார் பையனைத்தான் முதலில் கூப்பிட்டார். அவன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு விரைந்து போனான். காற்று எந்தப் பக்கமென்று பார்க்கவில்லை. புகை அவன் முகத்திலேயே அடித்தது. பிடியை அழுத்தினான், ஒன்றும் வரவில்லை. ஊசியைப் பிடுங்க மறந்துவிட்டான். திரும்பினான், இருமினான், பொன்னிற எழுத்துக்கள் ஒன்றும் அவனுக்கு அந்தச் சமயம் துணைக்கு வரவில்லை. வாத்தியார் அவன் தோளைப் பிடித்து மெள்ள விலக்கி நிறுத்தினார்.

அடுத்தாற்போல் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். "ஐயோ, என்னால் ஆகாது சார்" என்றாள். "உன்னால் ஆகாவிட்டால் உன் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறாளே, அவளை யார் வெளியே கொண்டுவருவது, அம்மா?" என்றார் அவர். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஆகாயத்தைப் பார்த்தாள், காற்றைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஊசி, குழல், அழுத்தல், வீச்சு. வெள்ளைத் தூள் தட்டின் மேல் போர்வை போல விழுந்தது. நெருப்பு அடங்கிவிட்டது. மற்றப் பெண்கள் கை தட்டினார்கள். அவள் முகத்திலே தோன்றிய வெளிச்சம், சற்று முன் தட்டிலே எரிந்த வெளிச்சத்தைக் காட்டிலும் நம் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் பெண்களுக்கு இடமில்லை என்று எவரேனும் நினைத்தால் அது பழங்காலத்து நினைப்பு. 2003-ஆம் வருஷத்திலேயே மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் தமிழ்நாட்டுத் தீயணைப்புப் பணியில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்து எழிலகத்தில் நேர்ந்த பெருந்தீயில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் துறந்தார். பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் அடைந்தும், குணமாகி மறுபடியும் பணிக்கு வந்தார்.

ஒத்திகையின் கடைசியில் மணி அடித்தது. எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். வாத்தியார் தலைகளை எண்ணினார். இருபத்தொன்பது! ஒருவர் குறைந்தார். கழுவுமிடத்துக்குப் போயிருந்த கிழவர் ஒருவருக்கு மணியோசை கேட்கவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்காதீர்கள். இது நிஜமாக இருந்தால் அவரைத் தேடி இரண்டு பேர் உள்ளே போயிருப்பார்கள். மூன்று பேர் போயிருப்பார்கள்" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே கழுவுமிடத்திலும் மணி ஒன்று மாட்டப்பட வேண்டுமென்று முதலாளி தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

வாசல்கள் மூன்று

இரவு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பையனும் வந்திருந்தான், கூடவே அவன் தகப்பனாரும். "ஐயா, காசும் போயிற்று, பையன் மனசும் விட்டுப்போயிற்று. இந்த வேலை நிஜமாகவே இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்" என்று அந்தக் குடியானவர் கேட்டார். எத்தனையோ குடும்பங்களில் இதே கேள்வி கேட்கப்படுகிறதாகையால் வாத்தியார் சொன்ன விடையை நேயர்களுக்கு விவரமாகவே தருகிறோம்.

"வேலை இருக்கிறது. நாளுக்கு நாள் அதிகமாகவும் ஆகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு ஐந்நூறு பேர் என்று குறைத்துவிட்டது. அபாயகரமான தொழிலாக இருந்தால் இன்னும் குறைவு. ஆனால் பயிற்சி அதிகாரி என்பது முதற்படியல்ல, மேற்படி. நெருப்புக்கு முன்னால் நின்றவன்தான் மற்றவனை நிற்கச் சொல்ல முடியும். அந்தப் படிக்குப் போக வாசல்கள் மூன்று.

"முதல் வாசல் நம் சர்க்கார் பணி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தீயணைப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பத்தாம் வகுப்புப் போதும். எழுத்துப் பரீட்சை உண்டு. 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். பட்டதாரியாக இருந்தால் நிலைய அலுவலர் பதவிக்கே நேராகப் போட்டியிடலாம். 2023-இல் அப்படி 129 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. நான் வந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

"இரண்டாவது வாசல் நாகபுரி. 1956-இல் ராம்பூரில் ஆரம்பித்து அடுத்த வருஷமே நாகபுரிக்கு வந்த தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி, மத்திய சர்க்காருடையது. தேசம் முழுவதிலுமுள்ள தீயணைப்பு அதிகாரிகளுக்குத் தாய்வீடு அதுதான். தீயணைப்புப் பொறியியலில் பட்டப்படிப்பே அங்கே உண்டு. கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் அந்த வகைப் பட்டம் இருக்கிறது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் தீயணைப்புப் பிரிவு உண்டு. விமான நிலையங்களுக்கும் ஆள் வேண்டும்.

"மூன்றாவது வாசல் ஆலை. பொறியியல் படித்து, சில வருஷம் ஆலையில் வேலை பார்த்தவர்கள், சென்னையில் மத்திய சர்க்கார் நடத்தும் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் தொழிற்பாதுகாப்பு டிப்ளமா பெறலாம். அந்தக் காகிதத்தை ஆலைக்காரர்கள் மதிக்கிறார்கள்.

"வேறு எங்கேயாவது பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் சர்ட்டிபிகேட்டை எந்தச் சர்க்கார் அங்கீகரித்திருக்கிறது? நிஜ நெருப்பு மூட்டி அணைக்க மைதானம் எங்கே? குழாயும் ஏணியும் சுவாசக் கருவியும் எங்கே? இந்த மூன்றுக்கும் மாடி அறையில் விடை இல்லையென்றால், வந்த வழியே இறங்கி வந்துவிடுங்கள். கதவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முதற்பாடம் இங்கேயும் பொருந்தும்!"

தகப்பனார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் அம்மாவிடம் சங்கிலியைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். நீ ஓடுகிற வேலையைப் பார்" என்று மகனிடம் சொன்னார். கோபமில்லாமல் சொன்னார். பையன் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வாத்தியார் தம் சட்டைப் பையிலிருந்து சிறிய துணிக்கொடி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏப்ரல் 14-ந் தேதி தீயணைப்பு நிலையங்களிலே சட்டையில் குத்திக்கொள்ளும் கொடி அது. 1944-ஆம் வருஷம் அதே தேதியில், பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற போர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பலில் தீப்பற்றியது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் கப்பல் வெடித்தபோது மாண்டார்கள். அந்த யுத்தம் நம் தேசம் கேட்டு வந்த யுத்தமல்ல. கப்பலும் நம்முடையதல்ல. ஆனால் கரையில் இருந்த ஜனங்கள் நம்முடையவர்கள். அவர்களுக்காகத்தான் அந்த வீரர்கள் போனார்கள். "சுதந்திரத்துக்காக உயிர் விட்டவர்கள் என்று அவர்களை யாரும் சொல்வதில்லை. நான் மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்" என்றார் வாத்தியார்.

நேயர் இல்லங்களுக்கு அவர் சொல்லியனுப்பிய வார்த்தைகள் சிலவும் உண்டு. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது ஒரு நொடியில் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாகப் பெருத்து, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசிவிடும். அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் மூடிவிடுங்கள். சமையல் வாயு நாற்றம் வந்தால் விளக்கு ஸ்விச்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து ரெகுலேட்டரை மூடுங்கள். உடுத்திய துணியில் பற்றிக்கொண்டால் ஓடாமல் தரையில் உருளுங்கள். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்காமல் தவழ்ந்து வாருங்கள். 101, 112 என்ற எண்களைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்.

மறுநாள் விடியுமுன் ஊருக்குப் புறப்பட்டோம். ஆலைச் சாலையில் இன்னும் இருள் பிரியவில்லை. கரும்பு வண்டிகளின் வரிசையை ஒட்டி, வெறுங்காலோடு ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அவரைத் தாண்டிப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஏழு நிமிஷம் நாற்பது விநாடி. இன்னும் நாற்பது விநாடி குறைய வேண்டும், தம்பி" என்றார் வாத்தியார்.

"நாளைக்குக் குறைத்துவிடுகிறேன், ஐயா" என்றான் அவன்.

எறையூரில் எழும் புகைபோக்கிகளைக் கண்டு மகிழ்கிறவர்கள் அந்த நாற்பது விநாடியைப் பற்றியும் சிறிது சிந்திக்க வேண்டும். ஆலை கட்டுவதற்கு மூலதனம் வேண்டும். அது எங்கிருந்தாவது வந்துவிடும். ஆலைக்குள்ளே காலையில் போன முப்பது பேரும் மாலையில் முப்பது பேராகவே வீடு திரும்புவதற்கு, நெருப்பைக் கண்டு ஓடாதவனும், ஓட வேண்டிய சமயம் தெரிந்தவனுமாகிய ஓர் ஆசிரியன் வேண்டும். அவனைத் தயார் செய்ய வருஷங்கள் ஆகும்; குறுக்கு வழி கிடையாது. பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தோம். பையன் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தான்.